6×2×2 கடல்தொட்டிக்கு ரெண்டு கேனிஸ்டர் போதுமா, சம்ப் கட்டாயமா?

பெருமாள்புரம்_தொட்டி:
வணக்கம் அண்ணாச்சிமாரே. தரைத்தளத்துல 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்துல கடல்மீன் தொட்டி கட்டப்போறேன். கண்ணாடி இன்னும் ஒட்டலை, ஓட்டை போடணும்னா இப்பவே சொல்லிடலாம். மீன்ல ஒரு ஜோடி க்ளவுன், ஒரு யெல்லோ டாங், ஒரு ஃபாக்ஸ்ஃபேஸ், சின்ன ஏஞ்சல் ஒண்ணு. வருஷம் கழிச்சு சாஃப்ட் கோரல் (மென்பவளம்) கொஞ்சம். கடைக்காரர் ரெண்டு பெரிய கேனிஸ்டர் (வெளியே வைக்கிற மூடின ஃபில்டர்) போதும், சம்ப் (தொட்டிக்குக் கீழே வைக்கிற வடிகட்டுற தொட்டி) வீண்செலவுங்காரு. மே மாசம் ரூம்ல 35 டிகிரி வரும், கரண்டும் போய்ப்போய் வரும். பாறையும் உப்பும் தூத்துக்குடியிலேயே எடுத்துக்கிடலாமா?

பாளை_ஸ்கிம்மர்:
தம்பி, கண்ணாடி ஒட்டுறதுக்கு முன்னால கேட்டீங்களே, அதுவே பாதி வேலை. கேனிஸ்டர் வேண்டாம்.

காரணம் கரண்டுதான். கேனிஸ்டர் மூடின டப்பா. உள்ளே இருக்கிற பாக்டீரியாவுக்கு ஓடுற தண்ணிதான் மூச்சு. ஓட்டம் நின்னா உள்ளே ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்து, தேங்கின கழிவு அழுக ஆரம்பிக்கும். கரண்டு வந்ததும் அந்தத் தண்ணி மொத்தமும் நேரா மீன் மேல போகும். நல்ல தண்ணித் தொட்டியில மீன் சமாளிச்சுக்கிடும். கடல்தண்ணி ஏற்கெனவே குறைவாத்தான் ஆக்சிஜன் பிடிக்கும், சூடு ஏற ஏற இன்னும் குறையும். ஏற்கெனவே கேனிஸ்டர் வச்சிருக்கிறவங்க, ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னுருந்தா திறந்து அந்தத் தண்ணியைக் கொட்டிட்டுத்தான் போடணும். அதோட, அதைக் கழுவுறது சள்ளைங்கிறதால யாரும் மாசக்கணக்குல தொடமாட்டாங்க, நைட்ரேட் ஏறிக்கிட்டே இருக்கும்.

உங்க தொட்டி 24 கன அடி, அதாவது 680 லிட்டர். அடியில 4 அடி × 1½ அடி × 1½ அடி சம்ப் வைங்க. பாறை போக ஓடுற தண்ணி சுமார் 750 லிட்டர் வரும். சம்ப்ல மூணு அறை:

முதல் அறையில 200 மைக்ரான் ஃபில்டர் சாக் (வடிகட்டுற துணிப்பை) ரெண்டு. மூணு நாளைக்கு ஒருக்கா மாத்தணும். மாத்தாம விட்டா அதுவும் கேனிஸ்டர் மாதிரிதான்.

நடு அறையில ஸ்கிம்மர். வடிகட்டலோட உயிரே இதுதான். பாக்டீரியாவை நம்புற ஃபில்டர் எல்லாம் கழிவு அழுகின பிறகு அம்மோனியாவை நைட்ரேட்டா மாத்தும். ஸ்கிம்மர் அழுகுறதுக்கு முன்னாலயே நுரையோட அள்ளி வெளியே போட்டுரும், கூடவே தண்ணிக்குக் காத்தும் ஏத்தும். அட்டைப்பெட்டியில போட்டிருக்கிற லிட்டர் கணக்கை நம்பாதீங்க. 750 லிட்டருக்கு, 1,200 முதல் 1,500 லிட்டர்னு போட்டதை வாங்குங்க. இந்த அறையில நீர்மட்டம் தடுப்புக் கண்ணாடியால மாறாம நிக்கணும். பெரும்பாலான ஸ்கிம்மருக்கு 8 அங்குலம் சரியா வரும், வாங்கினதோட குறிப்பைப் பாத்துட்டு கண்ணாடியை வெட்டுங்க. மட்டம் ஏறினா கப்பு வழியும், இறங்கினா நுரையே வராது. புது ஸ்கிம்மர் முதல் ஒண்ணு ரெண்டு வாரம் கண்டபடி பொங்கும், பயப்படாதீங்க. கழுத்துல எண்ணெய்ப் பிசுக்கு படிஞ்சா நுரை ஏறாது, மூணு நாளைக்கு ஒருக்கா துடைச்சிருங்க.

கடைசி அறையில, தண்ணியைத் திரும்ப மேல்தொட்டிக்கு ஏத்துற ரிட்டர்ன் பம்ப். மணிக்கு 2,500 முதல் 3,000 லிட்டர் மேல ஏறினாப் போதும். 5 அடி ஏத்தம், குழாய் முழங்கை எல்லாம் சேர்ந்து பாதியைத் தின்னுரும், அதனால 5,000–6,000 லிட்டர்னு போட்ட டிசி பம்ப் பாருங்க. தொட்டிக்குள்ள சுழற்சிக்கு ரிட்டர்னைப் பெருசாக்காதீங்க, அதுக்கு வேவ்மேக்கர் ரெண்டு.

முத்துநகர்_ரீஃப்:
பாறை விஷயத்தை முதல்ல சொல்லிடுதேன். மன்னார் வளைகுடாவுல தூத்துக்குடியில இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் 21 தீவு, 1986-லேயே கடல் தேசியப் பூங்காவா அறிவிச்சது. பவளம் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு. உயிரோட இருந்தாலும் சரி, கரையில செத்துக் கிடந்தாலும் சரி, எடுத்தாலோ வாங்கினாலோ வழக்குதான். செராமிக் பாறை இல்லாட்டி சிமெண்ட்ல வார்த்த செயற்கைப் பாறை 50–60 கிலோ போதும். உயிர் இல்லாததால பாக்டீரியாவை நாமதான் வளர்க்கணும். அம்மோனியம் குளோரைடு போட்டு அம்மோனியாவை 2 பிபிஎம்முக்குக் கொண்டுவாங்க. போட்ட 2 பிபிஎம்மும் 24 மணி நேரத்துல தீர்ந்து, அம்மோனியா, நைட்ரைட் ரெண்டுமே பூஜ்யமா வந்தாத்தான் மீன் விடணும். நாலு முதல் ஆறு வாரம் ஆகும்.

உப்பளத்து உப்பு கூடவே கூடாது. தெப்பத்துல (உப்பளத்துல கடல்தண்ணியைத் தேக்குற இடம்) தண்ணி சுண்டும்போதே கால்சியம் ஜிப்சமா அடியில படிஞ்சிரும், மெக்னீசியம் கடைசிக் கழிவுநீரோட போயிரும். மூட்டையில வர்றது பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், ஊறுகாய்க்கு ஆகும். மீன்தொட்டிக்குன்னு விக்கிற ரீஃப் சால்ட்டையே வாங்குங்க. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா 75 லிட்டர் மாத்த சுமார் 2.7 கிலோ பிடிக்கும்.

கடல்தண்ணியே எடுக்கணும்னா துறைமுகம், அனல்மின் நிலையப் பக்கம் வேண்டாம். புன்னைக்காயல்ல தாமிரபரணி கலக்குது, அங்கேயும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில கரையோரத் தண்ணியே நீர்த்துப் போயிருக்கும், அப்ப எடுக்கவே எடுக்காதீங்க. மத்த மாசத்துலயும் உப்படர்த்தி 1.025 இருக்கான்னு ரிஃப்ராக்டோமீட்டர்ல பாத்துட்டு ஊத்துங்க.

பெருமாள்புரம்_தொட்டி:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. ஒரு சந்தேகம். கரண்டு போனா மேல உள்ள தண்ணி சம்ப்ல இறங்கி வீடெல்லாம் ஓடாதா? அதுக்குப் பயந்துதான் கடைக்காரர் வேண்டாங்காரு.

பாளை_ஸ்கிம்மர்:
கணக்குப் போட்டா ஓடாது. மேல்தொட்டியில 1 அங்குலம் இறங்கினா சரியா ஒரு கன அடி, 28 லிட்டர். உங்க சம்ப்ல 1 அங்குலத்துக்கு 14 லிட்டர். ஓவர்ஃப்ளோ பல்லு (தண்ணி கீழே வழியிற தடுப்போட பல்லு) வரைக்கும் 1½ அங்குலம் இறங்குதுன்னு வைங்க, 42 லிட்டர், சம்ப்ல 3 அங்குலம் ஏறும். குழாய்ல நிக்கிறதையும் சேர்த்து 5 அங்குலம் காலியா விடுங்க.

வம்பு எங்க வரும்னா, ரிட்டர்ன் குழாய் வாய் தொட்டிக்குள்ள ஆழமா இருந்தா பம்ப் நின்னதும் தலைகீழா உறிஞ்சி வாய் மட்டம் வரைக்கும் இறக்கிரும். வாயை மேல்மட்டத்துக்கு முக்கால் அங்குலம் கீழேயே வைங்க. தண்ணி திரும்பாம தடுக்கிற நான்ரிட்டர்ன் வால்வை நம்பி ஆழமா வச்சுராதீங்க, ஒரு சிப்பித்துண்டு மாட்டினாப் போதும், மூடாது.

இறங்குற பக்கம் மூணு ஓட்டை. ஒண்ணு முழுசா நிரம்பி ஓடுற சைஃபன், அதுல கேட் வால்வு. பால் வால்வுல நுணுக்கமாத் திருப்ப முடியாது. ரெண்டாவதுல கொஞ்சமா கசியும். மூணாவது எப்பவும் காஞ்சே இருக்கும், நத்தை போய் முதல் குழாயை அடைச்சா அதுதான் வீட்டைக் காப்பாத்தும்.

குற்றாலச்சாரல்:
சூட்டைப் பத்தி யாரும் சொல்லலை. 35 டிகிரி ரூம்ல தண்ணியை 26-ல நிறுத்த 1/3 எச்.பி. சில்லர் திணறும், 1/2 எச்.பி. போடுங்க. அதை ஸ்டாண்டுக்குள்ள அடைக்காதீங்க, தான் விடுற அனலைத் தானே இழுக்கும். ஆடி மாசக் காத்து அடிக்கையில நம்ம திருநெல்வேலிப் பக்கம் வறண்ட காத்து, சம்ப் மேல ரெண்டு ஃபேன் வச்சாலே 2–3 டிகிரி இறங்கும். தூத்துக்குடிக்காரருக்கு அந்தப் புழுக்கத்துல அவ்வளவு இறங்காது. ஆனா ஃபேன் போட்டா ஆவியாகுறதும் கூடும். தண்ணிதான் ஆவியாகும், உப்பு அப்படியே நிக்கும். அதனால ஆர்.ஓ. தண்ணியை ஆட்டோ டாப்-அப்ல (மட்டம் இறங்கினா தானே தண்ணி விடுற கருவி) விடுங்க. கடைசி அறையில மட்டும்தான் மட்டம் இறங்கும், சென்சார் அங்கதான் வரணும்.

இன்வெர்ட்டர்ல சில்லரையும் ஸ்கிம்மரையும் மாட்டாதீங்க. ரிட்டர்ன் 60 வாட், வேவ்மேக்கர் 15 வாட், ரெண்டும் போதும். 150 ஏ.எச். பேட்டரி நல்ல நிலையில இருந்தா 12 மணி நேரத்துக்குக் குறையாது. ப்யூர் சைன்வேவ் இன்வெர்ட்டரா பாத்துக்கிடுங்க. தொட்டி லைனுக்குன்னு தனியா 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்டு கசிஞ்சா உடனே அணைக்கிற சுவிட்ச்) போட்டுருங்க, உப்புத்தண்ணியும் கரண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கு.

பெருமாள்புரம்_தொட்டி:
யூ.வி. (கிருமியைக் கொல்லுற புறஊதா விளக்கு) வாங்கணுமா?

முத்துநகர்_ரீஃப்:
இப்ப வேண்டாம் தம்பி. வெள்ளைப்புள்ளி நோய் வராம இருக்கணும்னா யூ.வி.யை விட, புது மீனை நாலு வாரம் தனித்தொட்டியில வச்சுப் பாக்கிறதுதான் வழி. அந்தக் காசுக்கு 100 லிட்டர் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், காப்பர் மருந்து, டெஸ்ட் கிட் எல்லாமே வந்துரும். காப்பரைப் பெரிய தொட்டியில மட்டும் விட்டுராதீங்க, பாறை உறிஞ்சி வச்சுக்கிட்டு பின்னால கோரலைக் கொல்லும்.

பாளை_ஸ்கிம்மர்:
உப்பு போடுறதுக்கு முன்னால குழாய்த்தண்ணியை நிரப்பி ஒரு நாள் ஓட்டிப் பாருங்க. நாலஞ்சு தடவை சுவிட்சை அணைச்சுப் போடுங்க. அணைச்சப்போ சம்ப்ல தண்ணி எதுவரை ஏறுதுன்னு பாத்து, விளிம்புக்கு 2 அங்குலம் கீழேயே நிக்கிற மாதிரி தண்ணியைக் குறைச்சு, பம்ப் ஓடும்போதுள்ள மட்டத்துல மார்க்கர் கோடு போடுங்க. அந்தக் கோட்டுக்கு மேல யாரும் தண்ணி ஊத்தக்கூடாது.