அப்பாவுக்கு சத்தம் கேக்குது, பேச்சு மட்டும் புரியல, ஏன்?

தறிக்காரர் மகன்:
வணக்கங்க. அப்பாவுக்கு 61 வயசு, பள்ளிபாளையத்துல 30 வருஷத்துக்கு மேல விசைத்தறி ஓட்டுனவரு. ரோட்டுல லாரி போனா கேக்குது, மாடு கத்துனா கேக்குது, ஆனா எம்பொண்ணு பக்கத்துலயே நின்னு "தாத்தா சட்டை எடுத்துக் குடுங்க"ன்னா "கட்டை எதுக்கு கண்ணு"ங்கறாரு. கொஞ்சம் சத்தமா சொன்னா "ஏன் கத்தற, நான் என்ன செவிடனா"ன்னு கோவம் வருது. அம்மா, வேணும்னேதான் பண்றாருன்னு சொல்றாங்க. பாதி கேட்டு பாதி கேக்காம போறதெல்லாம் உண்டுங்களா?

செவித்துணை:
உண்டுங்க, முதல்ல அம்மாகிட்ட சொல்லிருங்க அவர் வேணும்னு பண்ணல. நான் ஆடியாலஜிஸ்ட், அதாவது காது கேக்கறதை சோதிக்கறவன், தறி ஓட்டுனவங்க நிறைய பேர் இதே மாதிரி வந்திருக்காங்க.

உள்காதுல இருக்கறது தண்ணி மாதிரி ஒரு திரவம். கிணத்துல முங்கி இருக்கறவன மேட்டுல நின்னு கூப்பிட்டா அவனுக்கு சரியா கேக்காதுல்ல, காத்துல வர்ற சத்தம் தண்ணியில பட்டா பெரும்பாலும் திரும்பிப் போயிரும். அதுக்குத்தான் நடுக்காதுல சுத்தி, பட்டடை, அங்கவடின்னு மூணு குட்டி எலும்பு, அதுல அங்கவடி 3 மில்லிமீட்டர் தான், உடம்புலயே சின்ன எலும்பு. செவிப்பறை பரப்பு, அங்கவடி போய் அழுத்துற உள்காது ஜன்னல விட 17 மடங்கு பெருசு, அவ்ளோ அதிர்வையும் சின்ன இடத்துல குவிக்கறதால அழுத்தம் 20 மடங்கு கிட்ட ஏறுது. அப்பாவுக்கு அநேகமா இதெல்லாம் நல்லாதான் இருக்கும்.

பிரச்சனை அடுத்தது, நத்தை ஓடு மாதிரி ரெண்டரை சுத்து சுத்தியிருக்கற காக்ளியா. நீட்டுனா மூணரை சென்டிமீட்டர். அதுக்குள்ள ஒரு சவ்வு, வாசல் பக்கம் கீச்சுக்குரலுக்கு அதிரும், கடைசி முனை கட்டக்குரலுக்கு. அதுமேல மயிர்செல்கள் வரிசையா இருக்கு, நரம்புக்கு சேதி அனுப்பறது 3500 கிட்ட, மெல்லிசான சத்தத்தைப் பெருசு பண்ணி அதுக்குக் குடுக்கறது 12000 கிட்ட. தறி சத்தத்துல முதல்ல சாகறது அந்தப் பெருசு பண்ற செல்லுங்கதான், அதுவும் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துல, அதாவது கீச்சுக்குரல் இடத்துல. லாரியும் மாடும் கட்டக்குரல், அது கேக்கும். பேச்சுல அ, ஆ மாதிரி உயிரொலியெல்லாம் பலமா கட்டக்குரல் பக்கம் இருக்கும், ச, த, க இதைப் பிரிச்சுக் காட்டற சங்கதி மெல்லிசா கீச்சுக்குரல் பக்கம் இருக்கும். அவருக்கு சட்டை, கட்டை, தட்டை மூணும் "அட்டை"ன்னுதான் விழுது, மிச்சத்தை மூளை யூகம் பண்ணுது. கத்துனா ஏன் கோவம் வருதுன்னா, மெல்லிசு போயிருச்சே தவிர பெரிய சத்தம் அவருக்கும் நமக்கு மாதிரியே பெருசாதான் கேக்கும். கேக்க ஆரம்பிக்கற சத்தத்துக்கும் தாங்க முடியாத சத்தத்துக்கும் நடுவுல இருக்கற இடைவெளிதான் சுருங்கிருச்சு.

தறிக்காரர் மகன்:
படிக்கப் படிக்க கஷ்டமா இருக்குங்க, இத்தனை நாள் நானும் சலிச்சுக்கிட்டேன். அழுக்கு எடுத்தா சரியாகுங்களா, பாட்டி பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி ஊத்தச் சொல்றாங்க.

செவித்துணை:
எண்ணெய் வேண்டவே வேண்டாங்க. அழுக்கும் இருக்கலாம், அதை காது மூக்கு தொண்டை டாக்டர் பாத்து எடுப்பார், கூடவே ஆடியோகிராம், அதாவது எந்தச் சத்தம் எவ்ளோ கேக்குதுன்னு பாக்கற டெஸ்ட், எடுத்துருங்க. செத்த மயிர்செல் கோழிக்குத் திரும்ப முளைக்கும், மனுசனுக்கு முளைக்காது. ஒருவேளை யாருக்காவது திடீர்னு ஒரு காது அடைச்ச மாதிரி கேக்காம போனா அது வேற, அன்னைக்கே ஆஸ்பத்திரி போகணும்.

மலர்விழி:
எங்க மாமனாருக்கும் இதேதான். முதல்ல டிவிய நிறுத்திட்டு, "மாமா"ன்னு கூப்பிட்டு அவர் திரும்புன அப்புறம் முகத்தைப் பாத்து நிதானமா சொல்லுவோம், பாதி சண்டை அதுலயே நின்னுச்சு. காது கேக்கற மெஷின் வச்சதும் பாத்திர சத்தமெல்லாம் தாங்கலன்னு கழட்டி கழட்டி வச்சாரு, ரெண்டு மூணு தடவை போய் செட்டிங் மாத்துனாங்க, ஒரு மாசத்துல பழகிருச்சு. கைவிட்றாதீங்க.

தறிக்காரர் மகன்:
நன்றிங்க்கா. தம்பி இன்னும் தறியிலதான் இருக்கான், பஞ்சு வச்சுக்கறேங்கறான், போதுங்களா?

செவித்துணை:
பஞ்சு பத்தாது. சத்தத்தை டெசிபெல்லதான் அளப்பாங்க, 85 டெசிபெல்ல ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் காதுக்குப் பாதுகாப்பான கணக்கு, ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறுனாலும் நேரம் பாதியாகும், 91ன்னா 2 மணி நேரம். தறிப்பட்டறை அதையெல்லாம் சாதாரணமா தாண்டிரும். மெடிக்கல்ல ஃபோம் இயர்பிளக் கிடைக்கும், உருட்டி மெல்லிசாக்கி, காதை மேல இழுத்துப் புடிச்சு உள்ள விட்டு அது விரியற வரைக்கும் விரலால அழுத்திக்கச் சொல்லுங்க. நாளைக்கே வாங்கிக் குடுங்க.