டோடா ஸ்கேன் (நியூரோஎண்டோகிரைன் கட்டியைத் தேடும் தனி வகை பெட் ஸ்கேன்) எடுத்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாபநாசத்துக்காரன்:

அப்பாவுக்கு ஐந்து வருஷமாக வயிற்றுப்போக்கு. சாப்பிட்டு எழுந்தால் கொல்லைப்பக்கம் ஓட்டம்தான். ஒரு டாக்டர் குடல் எரிச்சல் என்றார், வைத்தியர் கிரகணி என்று சூரணம் கொடுத்தார். நடுநடுவே முகமும் கழுத்தும் குப்பென்று சிவந்துவிடும். கள்ளுகூடத் தொடாத மனிதரை, 'பெரியவர் பொழுது சாய்ந்தால் போட்டுக்கொள்கிறார்' என்று டீக்கடையில் பேசினார்கள். கடைசியில் சி.டி. ஸ்கேனில் கல்லீரலில் புள்ளிகள் தெரிந்து, சதை எடுத்துப் பார்த்ததில் நியூரோஎண்டோகிரைன் கட்டி, அதாவது ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் ஒருவகைப் புற்றுநோய், என்று வந்தது. அது சுரப்பதுதான் வயிற்றுப்போக்குக்கும் முகச் சிவப்புக்கும் காரணமாம். 2018இல் நடிகர் இர்ஃபான் கான் தனக்கு வந்ததாகச் சொன்னாரே, அதேதான்.

எங்கிருந்து கிளம்பியது என்று தெரியவில்லை. பக்கத்து ஊரில் சாதாரண பெட் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தோம், பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள். அது சர்க்கரையை வைத்துத் தேடுவது, மெதுவாக வளரும் இந்த வகைக் கட்டி சர்க்கரையை அவ்வளவாக இழுக்காது என்று பிறகு சென்னையில் விளக்கினார்கள். போன பணம் போனதுதான்.

உழவன் எக்ஸ்பிரஸ் பிடித்து சென்னை போய் டோடா ஸ்கேன். இந்தக் கட்டியின் செல்கள் மேல், சோமட்டோஸ்டேடின் என்ற ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் நிறைய இருக்குமாம். அந்த ஹார்மோன் மாதிரியே செய்த ஒரு பொருளில் கதிர்வீசும் கேலியம்-68ஐக் கோத்து ஊசி போட்டால், நேராக அங்கே போய் ஒட்டிக்கொண்டு படத்தில் காட்டிக்கொடுக்கும். ஆனால் கேலியம் 68 நிமிடத்துக்கு ஒருமுறை பாதி பாதியாகக் குறைந்துகொண்டே வரும். "மேட்டூர்ல திறந்த தண்ணி கடைமடைக்கு வர்ற கதைதான்" என்றார் அப்பா. அதனால்தான் ஆஸ்பத்திரியிலேயே தானாகக் கேலியமாக மாறிக்கொண்டே இருக்கும் ஜெர்மேனியம் அடைத்த ஒரு ஜெனரேட்டர் வைத்து அவ்வப்போது எடுக்கிறார்கள். அதற்கு அங்கே பெயர் 'கறப்பது'. ஒருமுறை கறந்தால் மறுபடி ஊறச் சில மணி நேரம் ஆகும். எங்கள் முறை மதியக் கறவைக்குத் தள்ளிப்போனது. நான் சிடுசிடுத்தேன். மூன்று மாடு வைத்திருக்கும் அப்பாவோ, சுரக்காமல் மடியைப் பிடித்து என்ன பண்ண என்று பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

படத்தில் கல்லீரல் புள்ளிகளோடு, சிறுகுடலின் கடைசியில் கடலைப் பருப்பு அளவுக்குக் கறுப்பாக ஒன்று. அதுதான் மூலம்.

மன்னார்குடி மருமகள்:

ரிப்போர்ட் வருவதற்கு முன்னால் படத்தைப் பார்க்காதீர்கள். என் மாமியார் படத்தில் மண்ணீரல், சிறுநீரகம் எல்லாம் கரியாகத் தெரிந்தது. அது எல்லோருக்கும் அப்படித்தானாம். கணையத்தின் தலைப்பக்கமும் லேசாகத் தெரிய, இன்னொரு கட்டி என்று இரண்டு வாரம் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அங்கேயும் இயல்பாகவே கொஞ்சம் ஏற்பிகள் உண்டு என்று அப்புறம்தான் சொன்னார்கள். இந்தக் கட்டிக்காக மாதாமாதம் ஆக்ட்ரியோடைடு ஊசி (அதுவும் அதே ஏற்பிகளில் போய் ஒட்டும் மருந்து) போடுகிறவர்கள் ஸ்கேன் தேதியை அடுத்த ஊசிக்குச் சற்று முன்னால் வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

ஸ்கேன் ரூம் தம்பி:

திருத்துறைப்பூண்டிக்காரன், இதே வேலையில்தான் இருக்கிறேன். பேரப்பிள்ளையைத் தூக்கலாமா என்று கேட்காத தாத்தா கிடையாது. 68 நிமிடத்தைப் பத்து முறை கூட்டுங்கள், பதினொன்றரை மணி நேரத்துக்குள் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம். மறுநாள் தாராளமாகத் தூக்கலாம். இதே பொருளில் லுட்டீசியம்-177 கோத்துக் கொடுக்கும் சிகிச்சை வேறு. அது பாதியாக 6.6 நாள் ஆகும், வழக்கமாக எட்டு வாரத்துக்கு ஒன்றாக நான்கு முறை கொடுப்பார்கள். அதற்குச் சில நாள் குழந்தைகளை விட்டுத் தள்ளித்தான் இருக்க வேண்டும்.

திருவையாறு வாசகி:

ஸ்கேனைவிட எங்களைப் படுத்தியது, இந்தக் கட்டி சுரக்கும் செரோடோனின் என்ற பொருளின் கழிவை அளக்கும் 24 மணி நேர சிறுநீர்ப் பரிசோதனை. சில பழங்களிலும் அது உண்டாம். மூன்று நாள் முன்பிருந்தே வாழைப்பழம், தக்காளி, அன்னாசி கூடாது. சுற்றிலும் வாழைத்தோப்பு, வாசலில் பழுத்துத் தொங்கும் பூவன் தார். சித்தப்பா அந்தப் பக்கமே திரும்பவில்லை. நான்காம் நாள் நிறைந்த கேனை மஞ்சள் பையில் வைத்து டவுன் பஸ்ஸில் தஞ்சாவூர் கொண்டுபோனார். "செக்கு எண்ணெயா பெரியவரே, லிட்டர் என்ன விலை?" என்று கண்டக்டர் கேட்டிருக்கிறார்.