புதுப்பிப்பு: வியர்க்காமல் மூச்சு வாங்கிய குதிரை

நுவரெலியாவில் பந்தயம் ஓடிய குதிரையை நிலாவெளிக்குக் கொண்டுவந்தபின், ஓடவிட்டால் தோல் காய்ந்தே கிடக்கிறது, மூச்சு மட்டும் தோல்துருத்தி மாதிரி அடிக்கிறது என்று வைகாசியில் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

"இது வியர்வை நின்றுபோகிற நோய், மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்" என்று ஓர் அக்கா எழுதியதுதான் சரி. வைத்தியரும் அதையே சொன்னார். 1,868 மீற்றர் உயரத்துக் குளிரில் இருந்ததை, கச்சான் என்கிற வறண்ட சூட்டுக் காற்றடிக்கும் கடற்கரைக்கு இறக்கினால் வேறென்ன நடக்கும்! இதற்கு நிச்சயமான மருந்து கிடையாதாம், சூட்டைக் குறைப்பதுதான் வழி.

இப்போது காலை நாலரைக்கே பயிற்சி, வெயில் ஏறுமுன் லாயத்துக்குள். முடிந்தவுடன் கிணற்றுத் தண்ணீரை நிறுத்தாமல் ஊற்றுகிறோம். முன்பு இரண்டு வாளி ஊற்றி வழித்துவிட்டு நின்றுவிடுவோம், அதுதான் பிழை. விலா சூடு ஆறும்வரை ஊற்ற வேண்டும். முன்பு அரை மணி கழித்தும் 40 பாகையில் நின்ற உடல்வெப்பம், இப்போது இருபது நிமிடத்தில் 38.5க்கு இறங்குகிறது. தீனியில் உப்பு, லாயத்தில் மின்விசிறி. பியர் கொடுக்கச் சொன்ன தம்பி மன்னிக்கவும், அதை நான் முயலவில்லை.

எதிர்பாராத ஒன்று: கண்ணைச் சுற்றி முடி உதிர்ந்ததைப் பேன் என்று நினைத்து மருந்து பூசிக்கொண்டிருந்தேன். அதுவும் இதே நோயின் அடையாளமாம். போன கிழமை காதடியிலும் பிடரிமயிருக்குக் கீழேயும் தொட்டுப் பார்த்தேன், வியர்வை கொஞ்சம் பிசுபிசுத்தது. விலா இன்னும் காய்ந்துதான் இருக்கிறது.