ஏற்காட்டுச் சிறு விடுதிக்கு எஸ்.பி.ஆர். பொருந்துமா?

தோட்டத்துவீடு:
ஏற்காட்டில், ஒண்டிக்கடையைத் தாண்டி, எங்கள் காப்பித் தோட்டத்துக்குள் பன்னிரண்டு அறைகள் கொண்ட விடுதி நடத்துகிறோம். வார நாட்களில் பணியாளர்களையும் சேர்த்துப் பத்துப் பேர் இருந்தால் அதிகம்; சனி, ஞாயிறுகளில் 46 பேர் வரை ஆகிவிடுகிறார்கள். தலைக்கு 120 லிட்டர் என்று வைத்தால் ஒரு நாள் 1,200 லிட்டர், இன்னொரு நாள் 5,500 லிட்டர் கழிவுநீர். இதுவரை செப்டிக் டேங்கும் உறிஞ்சுகுழியும்தான். மூன்றடிக்குக் கீழே பாறை என்பதால் மழைக்காலத்தில் குழி நீரை வாங்க மறுக்கிறது; சரிவில் கீழே இருப்பவர்கள் ஊற்றுநீரைக் குடிக்கிறார்கள். ஒரே தொட்டியில் நிரப்பி, காற்றூட்டி, அடங்கவிட்டு, மேல்நீரை வடித்து, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் எஸ்.பி.ஆர். (sequencing batch reactor) முறையை ஒருவர் பரிந்துரைத்தார். மற்றொருவர் அந்தப் பக்கமே போகாதீர்கள் என்கிறார். இரு தரப்பையும் கேட்க விரும்புகிறேன்.

சேலம்_பொறியாளர்:
இந்த எண்களைப் பார்த்தால் எனக்கு ஐயமே இல்லை, எஸ்.பி.ஆர்.தான். இடைவிடாமல் ஓடும் நிலையத்தில் கழிவுநீர் எந்த வேகத்தில் வருகிறதோ அந்த வேகத்தில்தான் வெளியேறும். ஞாயிறு காலை எட்டு மணிக்கு எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் குளித்தால், படிய வேண்டிய கசடு, அதாவது கழிவைத் தின்னும் நுண்ணுயிர்த் திரள், கலைந்து நீரோடு போய்விடும். எஸ்.பி.ஆரில் அடங்கும் நேரத்தில் உள்ளே ஒன்றும் வராது, வெளியே ஒன்றும் போகாது. முன்னால், வரும் நீரைச் சேர்த்துவைக்க ஒரு சமன்தொட்டி கட்டி, அதிலிருந்து தடவைக்கு 1,500 லிட்டராக உள்ளே ஏற்றுங்கள். சுற்று ஒன்றுக்கு ஆறு மணி நேரம். அதில் அடங்குவதற்கு ஒரு மணி, வடிப்பதற்கு அரை மணி போக, மீதி நிரப்புவதற்கும் காற்றூட்டுவதற்கும். நான்கு சுற்றில் 6,000 லிட்டர் முடிந்துவிடும். ஒவ்வொரு முறையும் தொட்டியின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வடிப்பதென்றால் 4,500 லிட்டர் தொட்டி போதும். வார நாளில் ஒரே சுற்று, அவ்வளவுதான்.

மலைச்சரிவு:
இதே கணக்கைக் கேட்டு நம்பித்தான் எங்கள் வீட்டுத் தங்குமிடத்தில் ஒன்றை வைத்தேன். ஒரு மே மாதம், கோடை விழாக் கூட்டத்தின்போது, இரவு இடிமழையில் மின்சாரம் நாலைந்து முறை போய்வந்தது. நிறுவியவர்கள் வைத்திருந்த டைமருக்குத் தான் எந்தக் கட்டத்தில் நின்றது என்ற நினைவே இல்லை. காற்றூட்டல் நின்று ஐந்து நிமிடம்கூட ஆகாத நிலையில், அடங்காத கலங்கலை அப்படியே வடித்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் சில்வர் ஓக் மரங்களின் அடியில் காப்பிச் சக்கை கொட்டியதுபோலப் பழுப்புச் சேறு. ஆறு மாதமாக வளர்த்த நுண்ணுயிர்கள் ஒரே இரவில் மண்ணுக்குப் போயின. நிறுவியவரை அழைத்தால் மலை ஏறி வர நான்கு நாள் ஆயிற்று. சேலத்தில் இருந்துகொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே இருப்பவருக்கு இயந்திரத்தைப் பரிந்துரைப்பது எளிது, ஐயா.

சேலம்_பொறியாளர்:
உங்கள் இழப்பு உண்மையானது. ஆனால் அது கட்டுப்பாட்டுப் பெட்டியின் குற்றம், முறையின் குற்றம் அன்று. மின்சாரம் திரும்பியதும் அடங்கும் நேரத்தை முதலிலிருந்து எண்ணி, ஒரு மணி நேரம் முழுதாக முடிந்த பிறகே வடிகால் வால்வு திறக்கும்படி அமைப்பது பெரிய வித்தை இல்லை. மேலும் இது நேற்று வந்த முறையும் அன்று. 1914இல் மான்செஸ்டரில் ஆர்டெர்னும் லாக்கெட்டும் காற்றூட்டிய கசட்டு முறையை அறிவித்தபோது அவர்கள் செய்ததே நிரப்பி, காற்றூட்டி, அடங்கவிட்டு, வடிப்பதுதான்.

மலைச்சரிவு:
பாதிக் கதையோடு நிறுத்திவிட்டீர்கள். அதே ஊர்க்காரர்கள் அதைக் கைவிட்டு இடைவிடாத ஓட்டத்துக்கு மாறியது ஏன்? ஒவ்வொரு சுற்றுக்கும் வால்வைத் திறந்து மூட ஆள் நின்றுகொண்டே இருக்க வேண்டியிருந்ததும் ஒரு காரணம். தானியங்கிக் கட்டுப்பாடு வந்த பின் 1970களில்தான் இது மறுபிறவி எடுத்தது. ஆக, ஆளின் கவனம் அல்லது நம்பகமான மின்னணு, இரண்டில் ஒன்று வேண்டும். எங்கள் மலையில் இரண்டுமே அரிது. சரிவு மட்டும் தாராளமாக இருக்கிறது. தடுப்புச் சுவர்கள் கொண்ட மூடிய தொட்டி, அதன் கீழே கல்வாழை நட்ட சரளைப் படுகை என்று வைத்தால் நீர் தானே இறங்கிப் போகும். மின்கட்டணம் இல்லை, டைமர் இல்லை.

சேலம்_பொறியாளர்:
ஆளுக்கு ஒன்றரைச் சதுர மீட்டர் என்றாலும் 46 பேருக்கு எழுபது சதுர மீட்டர் படுகை வேண்டும், அதுவும் மட்டமாக. பாறைச் சரிவில் அதை வெட்ட என்ன செலவாகும் என்று நீங்களே சொல்லுங்கள். ஊற்று கீழே இருக்கும்போது கழிவுநீரிலுள்ள அம்மோனியாவையும் பார்க்க வேண்டும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற நாலரை கிராமுக்கு மேல் ஆக்சிஜன் தேவை. மூழ்கிய சரளைக்குள் அவ்வளவு காற்று இறங்காது.

மலைச்சரிவு:
ஆக்சிஜனைப் பற்றி நீங்களே பேசியதால் ஒரு கேள்வி. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. நீரில் கரையக்கூடிய ஆக்சிஜனும் அதே அளவு குறையும், தொட்டிக்குக் காற்றூட்டும் ப்ளோயர் இழுக்கும் காற்றும் அடர்த்தி குறைந்தது. எனக்கு விற்றவர்கள் சமவெளிக்குரிய ப்ளோயரைத்தான் கொடுத்தார்கள். நீங்கள் போட்ட கணக்கில் இது இருக்கிறதா?

சேலம்_பொறியாளர்:
இல்லை, ஒப்புக்கொள்கிறேன். தொட்டியின் அளவைச் சொன்னேன், ப்ளோயரின் அளவைச் சொல்லவில்லை. மலைக்கு ஒரு படி பெரியதைத்தான் எடுக்க வேண்டும். மார்கழிக் குளிரில் அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் மந்தமாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆள் கவனம் பற்றி மட்டும் நான் உடன்படவில்லை. ஒரு லிட்டர் அளவுருளையில், காற்றூட்டும்போது எடுத்த கலங்கலை ஊற்றி அரை மணி நேரம் வைத்துப் பார்க்க எவருக்கும் கற்பிக்கலாம். கசடு 300 மில்லி கோட்டுக்கு இறங்கி, மேலே தெளிந்த நீர் நின்றால் நலம். 800ஐ விட்டு இறங்காவிட்டால் கசடு மிகுந்துவிட்டது, அல்லது உப்பிவிட்டது. பிறகு ஒன்று: மோட்டாரைச் சங்கிலியில் தொங்கவிடுங்கள், மேலிருந்தே தூக்கிச் சரிசெய்யும்படி. எந்தக் காரணத்துக்காகவும் ஒருவரும் அந்தத் தொட்டிக்குள் இறங்கக் கூடாது.

பல்பர்_கொட்டகை:
இடையில் ஒரு சிறு கேள்வி. அறுவடைக்காலத்தில் காப்பிப் பழம் உரிக்கும் நீரையும் இதிலேயே விட்டுவிடலாமா?

மலைச்சரிவு:
விடவே கூடாது. புளித்த அந்த நீர் அமிலம். அதன் கரிமச் சுமைக்கு முன்னால் வீட்டுக் கழிவுநீர் ஒன்றுமே இல்லை. இதில் மட்டும் பொறியாளரும் நானும் ஒரே கட்சி.

தோட்டத்துவீடு:
இருவருக்கும் நன்றி. நேற்று மாலை நல்ல மழை. சேம்பர் மூடியை எடுத்துப் பார்த்தபோது, கழிப்பறைக் குழாய்க்கு எதிரே இன்னொரு குழாயிலிருந்து தெளிந்த நீர் கொட்டிக்கொண்டிருந்தது. தேடிப் பார்த்ததில், எங்கள் ஓட்டுக் கூரையின் மழைநீர்க் குழாயை யாரோ என்றோ இதில் இணைத்துவிட்டிருக்கிறார்கள். கூரை 300 சதுர மீட்டர்.

சேலம்_பொறியாளர்:
ஐம்பது மில்லிமீட்டர் மழைக்கு 15,000 லிட்டர். என் சமன்தொட்டி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

மலைச்சரிவு:
என் சரளைப் படுகையும் தாங்காது. உங்கள் உறிஞ்சுகுழி மறுத்ததற்குப் பாறை மட்டும் காரணமில்லை போலிருக்கிறது. அந்தக் குழாயை முதலில் வெட்டிவிடுங்கள்.

தோட்டத்துவீடு:
இன்று காலை வெட்டியாயிற்று. நீர்த்தொட்டியின் வெளிக்குழாயில் ஒரு மீட்டரும் பொருத்தச் சொல்லியிருக்கிறேன். நான்கு வார இறுதிகளின் அளவு கையில் கிடைத்ததும் இங்கே பதிவிடுகிறேன். அதுவரை இருவரும் ப்ளோயரைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கலாம்.