ஒடியல் மா உற்பத்தியைப் பெருப்பிக்க அரச உதவி எடுத்தவை ஆராவது இருக்கிறீங்களோ?

வணக்கம். சாவகச்சேரிப் பக்கம் வீட்டு வளவுக்குள்ள ஒடியல் மாவும் (பச்சைப் பனங்கிழங்கைக் காயவைச்சு அரைச்ச மா) புழுக்கொடியலும் (அவிச்சுக் காயவைச்ச பனங்கிழங்கு) செய்து விக்கிறன். 2021இல வியாபாரப் பதிவு எடுத்தது. என்னோட அம்மாவும் இன்னும் நாலு பொம்பிளையளும் வேலை செய்யினம்.

ஓடர் இருக்கு, செய்து குடுக்க ஏலாமல் கிடக்கு. தையில இருந்து பங்குனி வரைக்கும்தான் கிழங்கு. அதுக்குள்ள கிழிச்சுக் காயவைச்சு முடிக்க வேணும். இந்த முறை மாசியில மூண்டு நாள் மழை. பாயில கிடந்த 80 கிலோவும் பூஞ்சணம் பிடிச்சு, மாட்டுக்கும் குடுக்கேலாமல் தாட்டனான். அதால சூரிய உலர்த்தி ஒண்டு வேணும்.

அரைக்க 7.5 குதிரைவலு மோட்டர் பாத்து வைச்சிருக்கிறன். அதுக்கு மூண்டு பேஸ் கரண்ட் வேணும். வீட்டில 30 ஆம்பியர் ஒற்றைப் பேஸ்தான். வெளி மில்லில குடுத்தால் மிளகாய்த்தூள் காரம் மாவில ஏறுது. கூழுக்கெண்டால் பரவாயில்லை, பிட்டுக்கு ஆர் வாங்குவினம்?

ஒரு வங்கியில கடன் கேட்டன், காணி உறுதி கேட்டினம். காணி அம்மம்மாவின்ர பேரில. கையெழுத்து வைக்க வேண்டிய மாமா கனடாவில. ஒரு அலுவலகத்தில திட்ட அறிக்கை குடுத்து ஏழு மாசம், "நிதி வந்தால் சொல்லுறம்" எண்டினம். அச்சுவேலி கைத்தொழில் பேட்டையில இடம் கேள் எண்டு ஒரு அண்ணை சொன்னவர். கிழங்கு எங்கட தென்மராட்சிப் பக்கம், அங்க ஏத்தி இறக்கவே லாபம் போயிடும்.

பனை அபிவிருத்திச் சபைக்கும் கைத்தொழில் அபிவிருத்திச் சபைக்கும் இன்னும் போகேல்லை. காணி ஈடு வைக்காமல் இயந்திரத்துக்கு மானியமோ கடனோ எடுத்தவை, முதல் எங்க போய், என்னென்ன கடதாசி குடுத்தனீங்கள்?