ஸ்குவையருக்குத் தமிழில் ‘அணுக்கன்’

குழுமத்தாருக்கு வணக்கம்.

8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்காக நம் உறுப்பினர் ஒருவர் பிரிட்டனின் பழங்கதை அரசன் ஆர்தரைப் பற்றி எழுதிவரும் நாவலுக்குச் சொற்கள் தேடிக்கொண்டிருக்கிறோம். நைட் என்பதற்குக் ‘குதிரைவீரர்’ என்று போன வாரம் முடிவாயிற்று. ‘மாவீரர்’ வேண்டாம் என்று ஈழத்து நண்பர்கள் சொன்னதை எல்லோரும் ஏற்றோம்; அங்கே அந்தச் சொல் போரில் மாண்ட போராளிகளுக்கு உரியதாகிவிட்டது. இப்போது ஸ்குவையரில் வந்து நிற்கிறோம்; ஒரு நைட்டிடம் பணிவிடை செய்துகொண்டே தானும் நைட் ஆகப் பயிலும் இளைஞன் அவன். இது ஓரத்துச் சொல், ஏதாவது ஒன்றைப் போட்டுவிட்டு மேலே போகலாம் என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. பெரியவர்களுக்கான ஆர்தர் கதையில் அது ஓரத்துச் சொல்லாக இருக்கலாம். பிள்ளைகளுக்கான ஆர்தர் கதையில் அதுதான் நடுச்சொல். அரியணையில் உட்கார்ந்த ஆர்தரைவிட, அரசன் ஆவதற்கு முந்தைய ஆர்தரோடுதான் பத்து வயதுப் பிள்ளை ஒட்டிக்கொள்ளும்.

கல்லிலிருந்து வாளை உருவும் இடத்தையே பாருங்கள். தாமஸ் மாலரி எழுதி, 1485இல் கேக்ஸ்டன் அச்சிட்ட நூலில் அது இப்படிப் போகிறது. புத்தாண்டு நாளில் போட்டிக்குக் கிளம்பிய, ஆர்தரின் வளர்ப்பு அண்ணன் சர் கேய் தன் வாளை வீட்டிலேயே மறந்து வந்துவிடுகிறான். எடுத்துவரத் தம்பி ஆர்தரை அனுப்புகிறான். ஆர்தர் போய்ப் பார்த்தால் வீட்டில் ஆளில்லை, எல்லோரும் போட்டி பார்க்கப் போய்விட்டார்கள். அண்ணன் இன்றைக்கு வாளில்லாமல் நிற்கக்கூடாதே என்று தேவாலய முற்றத்துக்குப் போய், கல்லில் செருகியிருந்த வாளை உருவிக்கொண்டு வருகிறான். நாட்டை ஆளும் ஆசை அவனுக்குத் துளியும் இல்லை. அந்த வாளை உருவுகிறவனே அரசன் என்று எழுதியிருந்ததைக்கூட அவன் பார்க்கவில்லை. அவன் செய்தது ஒரு பணிவிடை. டி. எச். வைட் 1938இல் இதே கதையைப் பிள்ளைகளுக்காக விரித்து எழுதியபோது, ஆர்தரைக் கேயின் ஸ்குவையராகவே ஆக்கிவிட்டார். ஆகவே நாம் தேடும் சொல்லுக்குள் பணிவிடையும் இருக்க வேண்டும், அரசனாகக்கூடியவன் என்ற இடமும் இருக்க வேண்டும். இனி உங்கள் மடல்களுக்கு வருகிறேன்.

> ஸ்குவையர் என்றே போடலாமே. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொல் புதிதா?

ஆங்கிலச் சொல் புதிதில்லை, இந்தச் சொல் புதிது. தமிழ் எழுத்தில் ‘ஸ்குவையர்’ என்று பார்த்ததும் பிள்ளை படிக்கப்போவது ‘ஸ்கொயர்’ என்றுதான். வீட்டில் நாள்தோறும் ஸ்கொயர் ஃபீட் கணக்கு காதில் விழுகிறது. “கேயின் ஸ்கொயர் ஓடி வந்தான்” என்று படித்துவிட்டு விழிக்கும்.

> ஏவலாள், பணியாள் என்ற எளிய சொற்கள் இருக்கும்போது புதுச்சொல் ஏன்?

எளிமை பற்றிய அக்கறை எனக்கும் உண்டு. ஆனால் ஸ்குவையர் கூலிக்கு அமர்ந்த ஆள் அல்ல. பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரின் கேன்டர்பரி கதைகளில் வரும் ஸ்குவையரை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அவன் குதிரைவீரரின் சொந்த மகன், இருபது வயதுக்காரன், போருக்குப் போய்வந்தவன், பாட்டுக் கட்டுவான், படம் வரைவான். அப்பா சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் நின்று இறைச்சி அறுத்து வைப்பவனும் அவனே. பிரபு வீட்டுப் பையன்கள் ஏழு வயதில் இன்னொரு பிரபுவின் மாளிகைக்குப் போவதும், பதினான்கு வாக்கில் ஸ்குவையர் ஆவதும், இருபத்தொன்றை ஒட்டிக் குதிரைவீரராவதும் அன்றைய வழக்கம். பணிவிடை அவர்களுக்குப் படிப்பு. ‘ஏவலாள்’ என்றால் அந்தப் படிப்பு போய்விடும், வேலை மட்டும் மிஞ்சும். ‘எடுபிடி’ இன்னும் மோசம். தமிழில் அது ஒருவரை மட்டம் தட்டும் சொல்.

> விவிலியத்தில் ‘ஆயுததாரி’ இருக்கிறதே. இதைவிடப் பொருத்தம் வேறென்ன?

இந்த மடல் என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. விவிலியத்தில் ஆயுததாரி என்றால் தலைவனின் ஆயுதங்களைச் சுமந்து கூடவே செல்பவன். தாவீது அரசன் சவுலுக்கு ஆயுததாரி ஆகிறான், பிறகு அரசனாகிறான். ஆர்தரின் பாதையும் ஏறக்குறைய அதுவே. சவுலின் மகன் யோனத்தான் கையாலும் காலாலும் பாறையில் தொற்றி ஏறும்போது பின்னாலேயே ஏறுகிறவனும் அவனுடைய ஆயுததாரிதான். ஸ்குவையரின் மூலச்சொல்லும் இதற்கு நெருக்கம்: லத்தீனில் கேடயத்துக்கு ஸ்கூட்டும், அதைத் தாங்குபவன் ஸ்கூட்டாரியஸ். பிரெஞ்சு வழியாக அது தேய்ந்து ஆங்கிலத்துக்கு வந்தது.

ஆனாலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மறுமொழி இதை நிறுத்திவிட்டது என்றே நினைக்கிறேன். இலங்கைச் செய்தித்தாள்களில், ஆயுதமேந்தி வந்து தாக்குவோரைக் குறிக்கும் ‘இனந்தெரியாத ஆயுததாரிகள்’ என்ற தொடரோடு ஒரு தலைமுறையே வளர்ந்திருக்கிறது. அங்கே ஒரு தாய் தன் பிள்ளைக்கு இந்த நாவலை வாசித்துக் காட்டும்போது, ஆர்தரை ‘ஆயுததாரி’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும். அதை நாம் செய்யக்கூடாது. ‘கேடயந்தாங்கி’ என்ற மாற்று பொருளில் சரிதான், ஆனால் கேடயம் வைக்கும் தாங்கியோ என்று எண்ணத் தோன்றுகிறது.

என் முன்மொழிவு ‘அணுக்கன்’. அணுகி நிற்பவன், நெருங்கிய நம்பிக்கைக்கு உரியவன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ‘திருவணுக்கன் திருவாயில்’ என்று ஒரு வாசலின் பெயர் இருக்கிறது. சைவ மடங்களில் ‘அணுக்கத் தொண்டர்’ இன்றும் வழக்கில் உள்ள சொல். அந்தத் தொண்டரை யாரும் வேலைக்காரர் என்று சொல்வதில்லை. பணிவிடையும் மதிப்பும் ஒரே சொல்லில் கூடி நிற்பது இங்கேதான்.

சொல்லைத் தனியே வைத்துப் பார்த்தால் போதாது என்பதால், சிறு பத்தி ஒன்றில் ஓட்டிப் பார்த்தேன். கவசம் கீழிருந்து மேலாகத்தான் பூட்டப்படும் என்பதை வைத்து எழுதியது:

“அணுக்கன் மண்டியிட்டான். முதலில் பாதக்கவசம். அடுத்தது கணைக்கால். வார் இறுக்கமாக இருந்தால் கேய் கத்துவான், தளர்ந்திருந்தால் கேய் விழுவான். ‘சீக்கிரம்!’ என்றான் கேய். ‘குதிரைமேல் ஏறப்போவது நீ, முடிச்சுக்குப் பொறுப்பு நான்’ என்றான் அணுக்கன். தோள்வரை வந்ததும் ஒரு முறை எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்தான். பிறகுதான் தலைக்கவசத்தை எடுத்தான்.”

‘அணுக்கன்’ இருக்கும் இடத்தில் ‘பணியாள்’ போட்டுப் படித்துப் பாருங்கள். அந்த மறுபேச்சு திமிராகிவிடும். ‘ஆயுததாரி’ போட்டால் கேயைவிட இவன் பெரிய வீரனாகத் தெரிவான். ‘அணுக்கன்’ போட்டால் பேச்சு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது: அருகில் இருப்பவனுக்கு மட்டும் உள்ள உரிமை அது.

> பிள்ளைகள் ‘அணு’ என்று பிரித்து அணுகுண்டை நினைக்கமாட்டார்களா?

கோவை ஆசிரியை அம்மா வகுப்பறையை அறிந்து கேட்கிறார், ஒதுக்க முடியாது. முதல் முறை வரும்போது ‘அணுகு’ என்ற வினையைப் பக்கத்திலேயே வைத்துவிட வேண்டும் என்பது என் யோசனை. “யாரும் அணுகத் துணியாத சர் கேயை எந்நேரமும் அணுகக்கூடியவன் ஒருவன் இருந்தான், அவன்தான் அவனுடைய அணுக்கன்” என்பதுபோல ஒரு வாக்கியம். நெடுஞ்சாலையில் ‘அணுகுசாலை’ப் பலகையைப் பார்க்கும் பிள்ளைகள்தானே. சொல்விளக்கப் பட்டியலைக் கடைசிப் பக்கத்தில் போடுவதைவிட இது பயன்படும். பத்து வயதில் யாரும் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கதை படிப்பதில்லை.

பெண்பாலில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாவலின் நாயகி பையன் வேடத்தில் ஒரு குதிரைவீரரிடம் சேர்கிறாள் என்று ஆசிரியர் முன்பே சொல்லியிருக்கிறார். ‘அணுக்கி’ என்று மாற்றிவிடக் கை வரும், மாற்ற வேண்டாம். இராசேந்திர சோழனின் அணுக்கியார் பரவை நங்கையார் திருவாரூர்க் கல்வெட்டுகளில் பெயர்பெற்றவர். அரசனின் அன்புக்குரியவள் என்ற பொருள் அந்தச் சொல்லில் ஏறியிருக்கிறது. வேடம் கலையும்வரை ஊரார் வாயில் அவள் ‘அணுக்கன்’. கலைந்த பிறகு ‘அணுக்கர்’ என்று பலர்பாலில் மதிப்போடு சொல்லலாம். அந்த ஓர் எழுத்து மாற்றத்தையே கதைக்குள் யாராவது ஒரு பாத்திரம் முதன்முறையாகச் சொல்லும்படி எழுதினால் நன்றாக இருக்கும் என்பது ஆசிரியருக்கு என் வேண்டுகோள்.

ஏழு வயதில் மாளிகைக்கு வரும் பேஜ் என்ற சிறுவனுக்குப் புதுச்சொல் தேவையில்லை. ‘மாளிகைப் பையன்’ போதும். அதில் நேரம் செலவிட வேண்டாம்.

அடுத்ததாக ஒன்று காத்திருக்கிறது. ஆர்தர்தான் அரசன் என்று தெரிந்ததும் வளர்ப்புத் தந்தை எக்டர் கேட்பது ஒன்றே ஒன்று: கேயை உன் நாட்டுக்கெல்லாம் செனஷல் ஆக்கு என்கிறார். வாளை உருவியது தானே என்று முதலில் பொய் சொன்ன கேய்க்கு அந்தப் பதவி. ஆர்தரும் மறுபேச்சில்லாமல் தருகிறான். அரண்மனை வரவுசெலவு, விருந்து, ஆட்கள் எல்லாம் செனஷலின் பொறுப்பு. ‘அமைச்சர்’ பொருந்தாது, ‘மேலாளர்’ இன்றைய அலுவலகமாகிவிடும். ‘அரண்மனைக் காரியக்காரர்’ என்று எனக்குத் தோன்றுகிறது. கல்வெட்டுச் சொற்களில் பழக்கமுள்ளவர்கள் இதைவிட நல்லது இருந்தால் எழுதுங்கள். பதினோராம் அத்தியாயம் அந்தச் சொல்லுக்காக நிற்கிறது.

அன்புடன்.