குளிரில் விரியாத மல்லிகை அத்தர்: ஆலோசனை வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மதுசாரம் கலக்காமல், சந்தன எண்ணெயில் மல்லிகை, வனிலா, தோடம்பழத் தோல் எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்துச் செய்த இயற்கை அத்தர் ஒன்றைத் தங்கையின் திருமணத்திற்காகக் கொழும்பில் வாங்கினேன். அங்கே மணிக்கட்டில் தடவியபோது, தோடம்பழத் தோலைக் கிள்ளியது போல எழுந்த வாசம் கால் மணி நேரத்தில் அடங்கி, மல்லிகைச் சரத்தின் இனிமை மெல்ல விரிந்து, இரவில் சந்தனமும் வனிலாவும் பால் டொபியின் மணத்தோடு தோலில் ஒட்டி நின்றன. சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலோ, குளிரில் எண்ணெய்கள் மெதுவாகவே ஆவியாவதால், அந்த மல்லிகை மூக்கை எட்டவே இல்லை. நான் மிகவும் விரும்பிய கட்டமே அதுதான். உடற்சூடு தங்கும் கழுத்தடியில் தடவலாமா, அல்லது குளித்தவுடன் தோலில் வேறு எண்ணெய் பூசி அதன்மேல் இடலாமா? (தேங்காய் எண்ணெய் இங்கே போத்தலிலேயே உறைந்துவிடுகிறது.) கூறைச் சேலையில் கறை படியாத வழியையும் அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து கூறுங்கள்.